டம்ளர் கவிழ்ந்திருந்த நாட்கள்

ஜூன் 4

அன்புள்ள ரேடியோவுக்கு,

இங்கே நான், உன் அண்ணி, சிட்டு மூவரும் சௌக்கியம். உன் காது இரைச்சல் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க ஆம்புலன்ஸ் கேட்டு அலறுகிறவர்களின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இரையாமல் என்ன செய்யும்? டாக்டரிடம் காட்டு. "நாளைக்கு, நாளைக்கு" என்று தள்ளிப்போடாதே.

ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரே மெஷின் வந்துவிட்டது. பிலிம் கழுவும் இருட்டறையைப் பூட்டிவிட்டார்கள். சிவப்பு விளக்கின் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து எலும்பு ஒவ்வொன்றாக வெளுத்து மேலே வருவதை இருபது வருஷம் பார்த்தவன் நான். இப்போது பொத்தானை அமுக்கினால் திரையில் முழு நெஞ்சுக்கூடும் வந்து நிற்கிறது. வாய்ப்பாடு மட்டும் மாறவில்லை. "மூச்சை இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க. விடுங்க." ஒரு நாளைக்கு எண்பது தடவை.

மூன்று நாளாக ஒரே கனவு. நம் பழைய வீடு முழுக்கத் தண்ணீர். நாற்காலி, அப்பாவின் செருப்பு, அம்மாவின் முறம் எல்லாம் மெதுவாக மிதக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே நீ நின்று ஏதோ சொல்கிறாய். உன் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. அந்தக் கூடத்துக்கு எத்தனை ஜன்னல்? எழுந்த பிறகு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

சிட்டு வளர்கிறாள். வேறு விசேஷமில்லை.

உன் அண்ணன்.


ஜூன் 8

உம்மணாமூஞ்சி அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். காது மட்டும் கடல் பக்கத்தில் வீடு கட்டிக் குடியேறிவிட்டது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, "வேலை நேரம் போக யாரிடமும் அதிகம் பேசாதீங்க" என்றார். சிரித்துவிட்டேன். என்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? தூங்கும்போதுகூட எனக்கு ரேடியோ ஓட வேண்டும். அது நின்றால் விழித்துக்கொள்வேன்.

உன் கடிதம் இன்று மதியம் வந்தது, இப்போதே பதில். ஏன் போன் செய்யக்கூடாது என்று அண்ணி போன தடவை கேட்டார்கள். போனில் நீ "ம்" என்று சொல்லிவிட்டு நிறுத்துவாயே, அந்த நிறுத்தத்தை என்னால் தாங்க முடியாது. எங்கள் வேலையில் எதிர்முனையில் பத்து விநாடி சத்தமில்லை என்றால் ஆள் போய்விட்டது என்று பயப்பட வேண்டும். கடிதம் தாமதமானால் பழியைத் தபால்காரர் மேல் போட்டுவிடலாம். பாவம், அவர் தாங்குவார்.

ஜன்னல் மூன்று. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அந்தப் பத்தொன்பது நாளும் நான் அந்த ஜன்னல்களோடுதானே குடும்பம் நடத்தினேன். காலையில் முதல் ஜன்னலின் வெயில் தரையில் கட்டம் போடும். அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். கட்டம் நகரும், நானும் நகருவேன். சாயங்காலம் இருவரும் சுவரேறி மறைந்துவிடுவோம். வெயிலில் சுழலும் தூசியில் ஒரு துகள் நான்தான் என்று நிச்சயமாக நம்பினேன். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு சுகம்கூட இருந்தது.

போகட்டும். சிட்டுவைப் பற்றி ஒரே வரிதானா? அவள் பல் விழுந்தால்கூட இரண்டு பக்கம் எழுதுகிறவன் நீ. என்ன சமாச்சாரம்?

உன் ரேடியோ.


ஜூன் 30

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். சொட்டு மருந்தை நிறுத்தாமல் போடு.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. தினமும் வழுக்கி விழுந்த கைகால்களாக வருகின்றன. ஒருவர் கை முறிந்ததைவிடத் தன் குடை முறிந்ததற்கு அதிகம் வருத்தப்பட்டார்.

மூன்று ஜன்னல் என்றாய். சரி. பழையதையெல்லாம் கிளறாதே. அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். இனி அதைப் பேசி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

உன் அண்ணன்.


ஜூலை 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் உங்கள் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுவது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் அண்ணன் சிட்டுவிடம் பேசி ஒரு மாதமாகிறது. மே கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சிட்டு அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் குரலிலேயே "மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்று நடித்துக் காட்டினாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வந்தவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். அதோடு சரி.

திட்டவில்லை, அடிக்கவில்லை. அவள் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் சொல்கிறார். முதல் வாரம் குழந்தை அழுதாள், கெஞ்சினாள், மன்னிப்புக் கேட்டு எழுதிய காகிதத்தை அவர் சட்டைப் பையில் வைத்தாள். இப்போது அழுவதில்லை. நேற்று கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "அம்மா, நான் உனக்குத் தெரியறேனா?" என்று கேட்டாள். பதினொரு வயதுப் பெண் கேட்கிற கேள்வியா இது?

கேட்டால், "எனக்குப் பேச வரல, நான் என்ன பண்ணட்டும்?" என்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகவும் தெரியவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
அண்ணி.


ஜூலை 5

அண்ணா,

உடம்பு எப்படி என்றெல்லாம் இன்று கேட்கப்போவதில்லை. அண்ணி எழுதினார்கள். அவர்கள் மேல் பாய்ந்தாயானால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன்.

நம் வீட்டு அலமாரியில் நாலு டம்ளர் இருந்தன. யார் மேலாவது அப்பாவுக்குக் கோபம் வந்தால் அவர்களுடையதைக் கவிழ்த்து வைப்பார். அவர் அதை நிமிர்த்தும்வரை அந்த ஆள் வீட்டில் இல்லை. யாரும் பேசக்கூடாது, பார்க்கக்கூடாது. உனக்கு அதிகபட்சம் மூன்று நாள் நடந்தது. எனக்கு ஏழு வயதில் பத்தொன்பது. வீட்டுக்கு வந்தவரிடம், "நீங்க வந்தா கிளம்பவே மாட்டீங்கன்னு அப்பா சொன்னாரு" என்று உளறியதற்கு.

நீ பார்த்தாய், ஆனால் உள்ளே இருந்தவள் நான். கேள். முதல் மூன்று நாள் பசி மாதிரி வலித்தது. அம்மா என் தட்டை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து "ஆறிடும்" என்பாள். சுவரிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நாள் முழுக்க வைத்திருப்பேன். அஞ்சாம் நாளிலிருந்து உடம்பு லேசாகிவிட்டது. நடந்தால் கால் தரையில் படாதது போலிருந்தது. உங்கள் பேச்செல்லாம் எங்கேயோ அடுத்த தெருவில் நடப்பது போலக் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டு அதனுடன் பேசினேன், அது நல்ல மாதிரி. கண்ணாடியில் ஊதிப் பார்ப்பேன். ஆவி படிந்தால் இருக்கிறேன், படியாவிட்டால் இல்லை. ஒருநாள் அது படிவதற்குக் கொஞ்சம் தாமதமானது. அப்போது நான் பட்ட பயம் இன்றும் என் காதுக்குள் இரைகிறது, சொட்டு மருந்துக்கெல்லாம் அது அடங்காது.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு ஆள் இருந்தது, நீதான். பத்தாம் நாள் என் பாய் ஓரமாக ஒரு பென்சில் துண்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அதை வைத்துக்கொண்டு சுவரில் என் பெயரை எழுதி எழுதித்தான் மிச்ச நாட்களை ஓட்டினேன். அந்தப் பென்சிலை வைத்தவனா இன்று சிட்டுவுக்கு இதைச் செய்கிறாய்?

இன்றே பேசு. என்ன வேண்டுமானாலும் பேசு, திட்டவாவது திட்டு.

தங்கை.


ஜூலை 21

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மடித்து மடித்து ஓரம் கிழிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதைப் படித்த பிறகு நீ என்னை அண்ணன் என்று சொல்லாமல் போகலாம். ஆனாலும் அந்தப் பென்சிலை நீ எழுதிய பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

உனக்குப் பத்தொன்பது நாள் போட்டது அப்பா இல்லை. அவர் போட்டது நாலு நாள்.

நாலாம் நாள் காலை அவர் வேலையாக வெளியூர் கிளம்பினாரே, ஞாபகமிருக்கிறதா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்வரை நான் போனேன். வண்டியில் ஏறும்போது சொன்னார்: "சாயங்காலம் அவ டம்ளரை நிமித்தி வச்சிடு. போதும்." என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

சாயங்காலம் அலமாரிக்குப் போனேன். கையை நீட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா ஏதாவது சொல்லிட்டுப் போனாராடா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அதுவரை என்னை யாரும் எதற்கும் அப்படிப் பார்த்துக் கேட்டதில்லை. அம்மாவே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் "இல்லம்மா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையனின் கையில் ஒரு வீடு முழுவதும் வந்து உட்கார்ந்துவிட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை. மறுநாள் நிமிர்த்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நிமிர்த்தினால் நேற்று ஏன் நிமிர்த்தவில்லை என்று கேட்பார்களே. அதற்கடுத்த நாள் இன்னும் கஷ்டம். நீ வெயில் கட்டத்தோடு நகர்வதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பென்சிலை வைத்தது பாசத்தால் இல்லை, பயத்தால்.

பத்தொன்பதாம் நாள் அப்பா திரும்பி வந்தார். அலமாரியைப் பார்த்தார். "இன்னுமா?" என்று என் பக்கம் திரும்பினார். தோலை உரிக்கப்போகிறார் என்று நடுங்கினேன். அவர் சிரித்தார். என் தோளில் தட்டி, "கெட்டிக்காரன்" என்றார். என்னை அவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அந்தத் தட்டு இன்றும் என் தோளில் இருக்கிறது. அதைத் துடைத்தெறியவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

சிட்டுவிடமும் இதேதான் நடந்தது. முதல் நாள் கோபம். இரண்டாம் நாள் பழக்கம். அஞ்சாம் நாள் திரும்பி வர வழி தெரியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தகுதியில்லை. தெரிந்துகொள், அவ்வளவுதான்.

அண்ணன்.


ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உனக்குக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் சிட்டுவிடம் பேசிவிட்டேன். எவ்வளவோ ஒத்திகை பார்த்தும் வாயில் வந்தது இதுதான்: "மழை வரும் போலிருக்கு, குடை எடுத்துக்கோ."

அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை. அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, யாரோ பேசற மாதிரி இருக்குல்ல?" என்றாள். குடையை எடுக்காமல் போய்விட்டாள்.

இன்றோடு ஒன்பது நாள். நான் பேசுகிறேன், அவள் என்னைத் தாண்டிப் பார்க்கிறாள்.

அண்ணன்.


ஆகஸ்ட் 6

தங்கைக்கு,

தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். வந்த அன்றே பதில் எழுதுகிறவள் நீ. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து, உன் ஆபீசுக்குப் போன் போட்டு அண்ணியை விசாரிக்கச் சொன்னேன். "வேலைக்கு வந்திருக்காங்களே, நல்லா இருக்காங்களே" என்றார்களாம். புரிந்துகொண்டேன். உன் கணக்கில் நான் எத்தனை நாள் என்று தெரியவில்லை. எத்தனை என்றாலும் சரி.

அண்ணன்.


ஆகஸ்ட் 9

அண்ணாவுக்கு,

பதினேழு. உன் கடிதம் ஜூலை 24 வந்தது, இன்று பதினேழாம் நாள். பத்தொன்பது என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு நாள் குறைவாகவே ஓடி வந்துவிட்டேன்.

முதலில் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டேன், பஸ் ஏறினேன், வேலைக்குப் போனேன். யாரோ கூப்பிட்டு, "எங்கப்பா பேச்சு மூச்சு இல்லாம கிடக்கறாரு" என்றார்கள். வண்டி அனுப்பினேன். அப்புறம் கழிவறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். முப்பது வருஷமாக அந்த வீட்டில் ஒரு ஆள் என் பக்கம் இருந்தது என்று நம்பி வந்திருக்கிறேன். அந்த ஆளையும் நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நாலாம் நாளுக்குப் பிறகும் அம்மா சுவரிடமே பேசியது உன்னால்தான், அவளுக்குத் தெரிந்திருந்தால் அன்று சாயங்காலமே என்னை மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பதினைந்து நாளை நீ எனக்குத் திருப்பித் தர முடியாது.

சரி, நாமும் கவிழ்ப்போம் என்று நினைத்தேன். உனக்குத் தெரியுமா அண்ணா, எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று? நீ தபால் பெட்டியைத் திறப்பதையும், உள்ளே கைவிட்டுத் துழாவுவதையும் தினமும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ராணி மாதிரி இருந்தேன். சிட்டு சொன்னதைப் படித்தபோது, "நல்லா வேணும்" என்று தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும்தான் பயம் வந்தது. அப்பாவின் கையிலிருந்து உன் கைக்கு, உன் கையிலிருந்து என் கைக்கு, இப்போது பதினொரு வயதுக் குழந்தையின் கைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள் பார்த்தாயா? "யாரோ பேசற மாதிரி இருக்குல்ல" என்று அப்பாவால்கூடச் சொல்லியிருக்க முடியாது.

எனவே எழுதுகிறேன். உன்னை நான் மன்னிக்கவில்லை, இன்னும் ரொம்ப நாள் ஆகும். எனக்கு உன் மேல் கொள்ளைக் கோபம். ஆனாலும் உன்னோடு பேசுகிறேன். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யலாம் என்று நம் வீட்டில் யாருக்குமே தெரியாமல் போய்விட்டது.

சிட்டு விஷயத்துக்கு வருகிறேன். எதிர்முனையில் சத்தம் நின்றால் நாங்கள் லைனை வைத்துவிட மாட்டோம். "இருக்கீங்களா? நான் இங்கதான் இருக்கேன்" என்று வண்டி போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே இருப்போம். பதில் கேட்டுப் பேசாதே. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. பேசிக்கொண்டே இரு. செய்தது தப்பு என்று முதலில் சொல், சுற்றி வளைக்காமல் சொல். அவள் நடித்துக் காட்டியது தப்பில்லை என்றும் சொல். நம் டம்ளர் கதையையும் சொல், உன் பங்கையும் சேர்த்து. அண்ணியும் கேட்கட்டும்.

காது அப்படியேதான் இருக்கிறது.

கோபத்துடன்,
உன் ரேடியோ.


ஆகஸ்ட் 27

அன்புள்ள ரேடியோவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வாங்கியபோது உட்கார்ந்துவிட்டேன். கோபத்துடன் என்று நீ எழுதியிருந்ததை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வாய். காதுக்கு இங்கே ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், வா, நானே கூட்டிப்போகிறேன்.

சொன்னபடி செய்தேன். முதல் நாள் சாப்பிடும் மேஜையில் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். நீ இருந்த பத்தொன்பது நாளைச் சொன்னேன், "இல்லம்மா" என்று நான் சொன்னதையும் சொன்னேன். அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சிட்டு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போய்விட்டாள். ஆனால் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் ஓயவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் வாயாடியாவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடம்வரை அவளுக்குப் பத்தடி பின்னால் பேசிக்கொண்டே போவேன். ஒரு கையில் இருபத்தேழு எலும்பு என்று சொன்னேன். பொத்தானை விழுங்கிய ஒருவர், "அது எந்தச் சட்டைப் பொத்தான்னு படத்துல தெரியுமா?" என்று கேட்டதைச் சொன்னேன். அவள் தோள் லேசாகக் குலுங்கியதுபோல் இருந்தது. சிரிப்பா, பை கனமா, தெரியவில்லை. தெருவில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல, தூக்கத்தில் கேட்பது போல இருந்தது. சில நாள் சொல்ல விஷயம் தீர்ந்துவிடும். அப்போது "நான் இங்கதான் இருக்கேன் சிட்டு" என்று மட்டும் சொல்வேன்.

இன்று சாயங்காலம் அவள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு, புது மெஷினின் கோளாறுகளை வரிசையாக விவரித்துக்கொண்டிருந்தேன். பென்சிலைப் படாரென்று போட்டாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, கொஞ்சம் வாயை மூடறீங்களா? எனக்குக் கணக்கே வர மாட்டேங்குது!"

"சரிம்மா" என்றேன். அவள் நோட்டைப் பார்த்துக் குனிந்தவள், சட்டென்று மறுபடி நிமிர்ந்தாள். முகம் மாறியிருந்தது.

"அதுக்காக ஒரேயடியா பேசாம இருந்துடாதீங்க. அஞ்சு நிமிஷம்தான்."

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கணக்கைப் பார்த்தாளா கடிகாரத்தைப் பார்த்தாளா, தெரியாது. மூன்று நிமிஷம் ஆவதற்குள், "ஆச்சுப்பா, இப்பப் பேசுங்க" என்றாள். அப்போது பார்த்து எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு எழுந்து இந்த அறைக்கு வந்துவிட்டேன். உனக்கு எழுதிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

அதற்குள் இரண்டு தடவை "அப்பா, எங்க போயிட்டீங்க?" என்று கூப்பிட்டுவிட்டாள். குரலில் பயம் இருக்கிறது. போகிறேன்.

உன் அண்ணன்.